தரங்கம்பாடிக் கரையில் மாற்கு சுவிசேஷம்

சபை முகாம் என்றால் திருச்சிச் சபைகள் பெரும்பாலும் மலையைத்தான் தேடும். கொடைக்கானலோ ஏற்காடோ போய், குளிரில் கூடி ஜெபித்துவிட்டு வருவோம். இந்த முறை எங்கள் போதகர் கடற்கரைக்குப் போகலாம் என்றார், அதுவும் தரங்கம்பாடிக்கு. லுத்தரன் சபையாருக்கு அந்தப் பெயரே போதும். சிறப்புச் செய்தியாளர் யாரும் கிடையாது, மாற்கு சுவிசேஷத்தை முதல் அதிகாரத்திலிருந்து கடைசிவரை சபையாரே சத்தமாக வாசிக்கப் போகிறோம் என்று அவர் அறிவித்தபோது சிலர் முகம் சுருங்கியது. எனக்கோ அப்போதே மனம் நிறைந்துவிட்டது. வேதத்தை வசனம் வசனமாகப் பிய்த்து நாட்காட்டியில் படித்துப் பழகிவிட்டோம். ஒரு சுவிசேஷத்தை ஒரே மூச்சில் கேட்டவர்கள் எங்களில் எத்தனை பேர்?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் சனிக்கிழமை பகலில் போய்ச் சேர்ந்தோம். 1792இல் கட்டிய நகர வாயிலைத் தாண்டி, கிங்ஸ் தெரு நேராகக் கடலுக்கே இறங்குகிறது. கரையில் நின்றால் டேனியர் 1620இல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை. சற்றுத் தள்ளி, முன்பகுதியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில்.

1706 ஜூலை 9ஆம் தேதி ஜெர்மானிய லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் இந்தக் கரையில் வந்து இறங்கினார்கள். மறுநாள் சீகன்பால்குக்கு 24 வயது. அனுப்பியவர் டென்மார்க் மன்னர். ஆனால் இங்கிருந்த டேனிய அதிகாரிகள் அவர்களை விரும்பி வரவேற்கவில்லை. சீகன்பால்கு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நம் ஊர் திண்ணைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த அந்தச் சின்ன நூல்களை மதித்த மனிதர் என்பதாலேயே அவர்மீது எனக்குத் தனிப் பற்று. 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே கோட்டை ஆளுநர் அவரைச் சிறையில் போட்டார். நான்கு மாதம் உள்ளே. வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715இல் அச்சுப் பணி முடிந்தது. இன்று நம் கையில் இருப்பது அவருடைய மொழிபெயர்ப்பு அல்ல; பின்னால் வந்த மிஷனரி பெப்ரீஷியஸ் தொடங்கிப் பலர் கை பட்டுத் திருந்தியது. ஆனாலும் முதல் வரி இங்கேதான் எழுதப்பட்டது.

மாலையில் முகாம் இல்லத்து முற்றத்தில் பாய் விரித்தோம். மதிலுக்கு அப்பால் அலை. கடற்காற்று தாளைப் புரட்டிக்கொண்டே இருந்ததால் ஒவ்வொருவரும் உள்ளங்கையால் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே வாசித்தார்கள். சீமோனும் அந்திரேயாவும் வலை போடும் இடத்தை ஒரு பள்ளிச் சிறுவன் வாசித்தான். அன்று பகலில் கரையில் உட்கார்ந்து வலை பின்னியவர்களிடம் அவன் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர், பேத்தி காதோரம் சொல்லச் சொல்ல, தன் பங்கை உரத்த குரலில் சொல்லி முடித்தார்.

நான்காம் அதிகாரத்தில், படகிலிருந்த இயேசு புயலையும் கடலையும் அதட்டி அடக்கும் பகுதி நெருங்கியபோது, எங்களுக்குச் சமைத்துப்போட்ட அம்மா சமையலறை வாசலிலிருந்து வந்து நின்றார். உள்ளூர்க்காரர். சுனாமியில் தங்கை மகனைப் பறிகொடுத்தவர் என்று பகலிலேயே அறிந்திருந்தோம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை.

“ஐயா, இதை நான் வாசிக்கட்டுமா?” என்று கேட்டார்.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வேதாகமத்தை வாங்கினார். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தார். “போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா” என்ற இடத்தில் நிறுத்தி, தலையை நிமிர்த்தி, “நானும் இதையேதான் கேட்டேன்” என்றார். பிறகு விட்ட வரியிலிருந்து தொடர்ந்து அதிகாரத்தை முடித்துவிட்டு, அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

கடல் அன்று ஏன் கீழ்ப்படியவில்லை என்று யாராவது விளக்கத் தொடங்கிவிடுவார்களோ என்று பயந்தேன். போதகர் அதைச் செய்யவில்லை. “இந்தக் கேள்வியை வேதம் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. கேட்டவர்களை ஆண்டவர் படகிலிருந்து இறக்கிவிடவும் இல்லை” என்றார். ஐந்தாம் அதிகாரத்துக்குப் போனோம். எத்தனையோ கன்வென்ஷன் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு நேர்மையான பிரசங்கம் கேட்டதில்லை. தேவனிடம் முறையிடும் அந்த வரி ஒரு தாயின் வாயில் அவளுடைய தமிழிலேயே வரவேண்டும் என்பதற்குத்தானே சிறையிலிருந்து வந்த மனிதர் மறுபடியும் எழுத உட்கார்ந்தார்!

பதினாறாம் அதிகாரம் முடிந்தபோது பிள்ளைகள் பாதிப்பேர் தூங்கியிருந்தார்கள். பெரியவர்கள் ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஞாயிறு காலை 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புது எருசலேம் ஆலயத்தில் உள்ளூர்ச் சபையாரோடு ஆராதனை. பீடத்தருகே சீகன்பால்கின் கல்லறை. ஆலயம் எழுந்த சில மாதங்களில், 36 வயதில், அவர் இறந்துபோனார். திருவிருந்துக்குப் போகும்போது சமையல்கார அம்மா எனக்கு முன்னால் நின்றிருந்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டோம்.

திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே முடிவாகிவிட்டது. வருகிற லெந்து என்னும் தவக்கால நாட்களில், வெள்ளிக்கிழமை மாலைகளில், லூக்கா சுவிசேஷத்தை எங்கள் ஆலயத்தில் இதே முறையில் வாசிக்கப் போகிறோம். முகாமுக்கு வர முடியாமல் போன முதியவர்களுக்கு முதல் அதிகாரம் ஒதுக்கியாயிற்று.