மெய்நிகர் கணினியில் தொலைந்த ழகரம்

என் கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினியில், அதாவது ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியில், தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை அமைப்பை நிறுவி முடித்த கையோடு, முதற்சொல்லாகத் ‘தமிழ்’ என்று தட்டினேன். திரையில் ‘தமி-ஃ’ என்று வந்தது. கை தவறியிருக்கும் என்று எண்ணி மறுபடியும் தட்டினேன். மறுபடியும் அதே சிறு கோடு, அதே ஆய்தம். ‘அவள்’ என்று தட்டிப் பார்த்தேன். ‘அவௌஃ’ என்று வந்தது. அதே விரல்களால், அதே விசைப்பலகையில், வெளியே இருக்கும் உண்மையான கணினியில் தட்டினால் ஒரு பிழையும் இல்லை. ஒரு மாலைப்பொழுதை முழுதாக விழுங்கிய இந்தச் சிக்கலை அவிழ்த்தபோதுதான், பல மொழிகளில் தட்டுகிறவர் மெய்நிகர் கணினிக்குள் நுழையும்போது என்னவெல்லாம் குறுக்கே வரும் என்பது எனக்கு ஒழுங்காகப் புரிந்தது.

விசைப்பலகை எழுத்துகளை அனுப்புவதில்லை. எந்த இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது என்பதற்கான ஓர் எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அமெரிக்க ஆங்கில விசைப்பலகையில் முற்றுப்புள்ளிக்கு வலப்பக்கம் இருக்கும் சாய்கோட்டு விசைக்கு லினக்ஸில் எண் 53. அந்த 53ஐ எந்தக் குறியாக எடுத்துக்கொள்வது என்று சொல்லும் அட்டவணையைத்தான் லேஅவுட், அதாவது தளவமைப்பு என்கிறோம். அமெரிக்கத் தளவமைப்பில் 53 என்றால் சாய்கோடு. ஜெர்மன் தளவமைப்பில் அதே 53 என்றால் சிறு கோடு. நான் எடுத்துக்கொண்ட மெய்நிகர் கணினியின் பிம்பத்தை, அதாவது ஆயத்தமாக இருந்த அதன் வட்டு நகலை, முன்பு யாரோ ஜெர்மன் அடிப்படையில் அமைத்து வைத்திருந்தார்கள். தமிழ்99இல் ழகரம் உட்கார்ந்திருப்பது இந்த 53ஆம் விசையில்தான். தமிழ்99இல் ளகரம் ஒய் விசையிலும் ஔகாரம் இசட் விசையிலும் இருக்கின்றன; ஜெர்மனில் இந்த இரண்டும் இடம் மாறி இருக்கும் என்பதால், ளகரத்துக்காக அழுத்திய விசை ஔகாரமாகி, முந்தைய வகரத்தோடு ஒட்டிக்கொண்டது. புள்ளிக்கும் ஆய்தத்துக்கும் ஒரே விசை என்பதால், மெய் கிடைக்காத புள்ளி இரண்டு சொல்லிலும் ஆய்தமாக நின்றது. ச, ந, ய ஆகியவற்றுக்கான விசைகளிலோ தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஜெர்மன் உயிரெழுத்துகள்!

தமிழ்99 என்பதே தனித் தளவமைப்புதானே, அதற்கும் ஜெர்மனுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. விடை, லினக்ஸில் தமிழ்த் தட்டச்சு இரு வேறு வழிகளில் இயங்குகிறது என்பதில் இருக்கிறது. எக்ஸ்கேபி என்னும் அடுக்கு, விசையின் இடத்தை நேரடியாகத் தமிழ் எழுத்தாக மாற்றுகிறது. அதற்கு அடிப்படைத் தளவமைப்பு எதுவாயினும் கவலையில்லை. ஐபஸ் போன்ற உள்ளீட்டுச் சட்டகத்தில் இயங்கும், எம்17என் என்னும் பன்மொழி நூலகத்தின் தமிழ்99 அப்படியன்று. அடிப்படைத் தளவமைப்பு கொடுக்கும் ஆங்கிலக் குறியை வாங்கி, அந்தக் குறிக்கு உரிய தமிழ் எழுத்தைத் தருவது அதன் வேலை. அடிப்படை ஜெர்மனாக இருந்தால் அதன் கைக்குச் சாய்கோடு போய்ச் சேருவதே இல்லை; சிறு கோட்டுக்குத் தமிழ் எழுத்து எதுவும் இல்லாததால் அதை அப்படியே திரையில் விட்டுவிடுகிறது.

அப்படியென்றால் எக்ஸ்கேபியையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எக்ஸ்கேபியை அமைக்கும் செட்எக்ஸ்கேபிமேப் கட்டளையில் அமெரிக்க ஆங்கிலத்தையும் இந்தியத் தளவமைப்பின் தமிழ்நெட் வகையையும் சேர்த்துக் கொடுத்தால் நொடியில் வேலை முடிந்துவிடும். ஆனால் 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99இன் அழகே, முன்னால் தட்டிய எழுத்தைப் பார்த்துத் தானே புள்ளி வைப்பதில்தான் இருக்கிறது. ‘பக்கம்’ என்பதற்கு ப, க, க, ம, புள்ளி என்று ஐந்து விசைகள் போதும். இரண்டு ககரங்களுக்கு நடுவே முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். எக்ஸ்கேபிக்கு முந்தைய எழுத்தின் நினைவு கிடையாது, ஒவ்வொரு விசையும் அதற்குப் புது விசைதான். மேலும், லினக்ஸின் சாளரத் திரையை இயக்கும் எக்ஸ்11இல் ஒரே நேரத்தில் நான்கு தளவமைப்புகளுக்கு மேல் ஏற்ற முடியாது. ஆகவே, அடிப்படையை அமெரிக்க ஆங்கிலமாக மாற்றி, அதன்மேல் ஐபஸ் தமிழ்99ஐ வைப்பதே என் தேர்வு. அமைப்புகளில் அடிப்படையை மாற்றிவிட்டு, வெளியேறி, மறுபடி உள்நுழைந்ததும் ழகரம் தன் இடத்துக்குத் திரும்பியது.

இது ஒரே கணினிக்குள் நடந்த குழப்பம். நாம் தட்டும் வெளிக்கணினிக்கும் சாளரத்துக்குள் தெரியும் உட்கணினிக்கும் இடையே விசை எந்த வடிவில் பயணம் செய்கிறது என்பது தனிக்கதை. வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினி மென்பொருள்கள் விசையின் எண்ணையே உள்ளே தள்ளுகின்றன என்பதால், வெளியே தமிழ் இருந்தாலும் ஆங்கிலம் இருந்தாலும் உட்கணினிக்குத் தெரியாது. எழுத்தாக்கும் வேலை முழுக்க உள்ளேதான் நடக்கும். வேறொரு கணினியின் திரையை நம் கணினியில் காட்டும் விஎன்சி இதற்கு நேர்மாறு. 2011இல் ஆர்எஃப்சி 6143 என்ற இணைய ஆவணமாக வெளியிடப்பட்ட அதன் நெறிமுறையில் விசையின் எண் போவதில்லை, வெளிக்கணினி ஏற்கெனவே மாற்றி முடித்த குறி போகிறது. வெளியே தமிழை இயக்கிவிட்டு விஎன்சி சாளரத்துக்குள் தட்டினால், ‘ழ’ என்ற குறி உள்ளே போய், இதற்கு எந்த விசை என்று தேடி, பெரும்பாலும் கிடைக்காமல் காணாமற்போகும். இந்தத் தொல்லைக்காகவே கியூஇமு என்னும் மெய்நிகர் கணினி மென்பொருள், குறியோடு எண்ணையும் சேர்த்து அனுப்பும் ஒரு நீட்சியை உருவாக்கியது. இரு முனைகளும் அதை ஆதரித்தால் பாதிச் சிக்கல் தீரும்.

விண்டோஸின் தொலைமேசை நெறிமுறையான ஆர்டிபி, பொதுவாக எண்ணையே அனுப்புகிறது; அத்துடன் வெளிக்கணினியின் தளவமைப்பு எது என்பதையும் இணைப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. அமெரிக்க ஆங்கிலத்தின் அடையாளம் 00000409, இன்ஸ்கிரிப்ட் என்னும் இன்னொரு தமிழ்த் தளவமைப்பின் அடையாளம் 00000449. இதைக் கேட்ட உட்கணினி, உதவுகிறேன் பேர்வழி என்று அந்தத் தளவமைப்பைத் தானே அமர்வில் சேர்த்துக்கொள்ளும். பட்டியலில் நாம் சேர்க்கவே இல்லாத பிரிட்டிஷ் ஆங்கிலம் மொழிப்பட்டையில் திடீரென முளைப்பதும், நீக்கப் போனால் நீக்குவதற்கு அங்கே அது இல்லாததும் இதனால்தான். உட்கணினியின் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் தரவகத்தில், கணினி முழுமைக்குமான விசைப்பலகைத் தளவமைப்புப் பகுதியில் ‘இக்னோர்ரிமோட்கீபோர்டுலேஅவுட்’ என்ற பெயரில் ஒரு டிவேர்டு (எண்) மதிப்பை உருவாக்கி அதற்கு 1 கொடுத்தால் இந்த விருந்தோம்பல் நின்றுவிடும். மேக்கிலிருந்து இணைபவர்கள் மைக்ரோசாஃப்டின் ஆர்டிபி செயலியில் ஸ்கேன்கோடு, யூனிகோடு என்று விசைப்பலகைக்கு இரண்டு நிலைகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவது எண்ணை அனுப்பும், இரண்டாவது எழுத்தை அனுப்பும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு நான் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்றுதான். மெய்நிகர் சாளரத்துக்குள் இருக்கும்போது வெளிக்கணினி எப்போதும் அமெரிக்க ஆங்கிலத்திலேயே இருக்கும்; விசையை எழுத்தாக்கும் வேலை உள்ளே மட்டுமே நடக்கும். இரண்டு இடத்திலும் தமிழை ஏற்றி வைப்பது வசதியாகத் தோன்றும், ஆனால் பிழை நேரும்போது எந்த இடத்தில் நேர்ந்தது என்று தேடுவது அடுத்த மாலைப்பொழுதையும் விழுங்கும்.

மொழியை மாற்றும் குறுக்குவிசையிலும் இதே இரட்டைத் தொல்லை உண்டு. விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால், பல நேரங்களில் உள்ளே போகும் முன்பே வெளிக்கணினி அதைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே ஆங்கிலம் அப்படியே நிற்க, வெளியே சத்தமில்லாமல் மொழி மாறியிருக்கும். ஆர்டிபி செயலியில் இத்தகைய விசைகள் இந்தக் கணினிக்கா, தொலைக்கணினிக்கா, முழுத்திரையின்போது மட்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம். நானோ உள்ளே வேறொரு குறுக்குவிசையையே வைத்துவிட்டேன். வலது கன்ட்ரோலை மட்டும் அதற்குப் பயன்படுத்த வேண்டாம். வர்ச்சுவல்பாக்ஸில் சாளரத்தை விட்டு வெளியேறும் விசையாக இயல்பிலேயே அமைந்திருப்பது அதுதான்.

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது கடவுச்சொல். உள்நுழைவுத் திரைக்கு அமர்வின் அமைப்புகள் தெரியாது, அதற்கென்று தனித் தளவமைப்பு இருக்கிறது. பிரிட்டிஷ் தளவமைப்பில் @ குறியும் " குறியும் அமெரிக்கத் தளவமைப்புக்கு எதிர்மாறாக இடம் மாறி இருக்கும். திரையில் தெரிவதோ வெறும் புள்ளிகள். என் கடவுச்சொல்லில் ஒரு @ இருந்தது. சரியாகத்தான் தட்டுகிறேன் என்ற பிடிவாதத்தில் திரும்பத் திரும்ப முயன்று ஒரு கணக்கையே பூட்டிக்கொண்டேன். அன்றுமுதல், ஐயமாக இருந்தால் அந்த ஒரு குறியைப் பயனர் பெயர்ப் பெட்டியில் தட்டிப் பார்த்து அழித்துவிட்டே தொடர்கிறேன். விண்டோஸில் வட்டார அமைப்புகளின் நிர்வாகப் பகுதியிலிருந்து, நம் அமைப்புகளை வரவேற்புத் திரைக்கும் புதிய பயனர்களுக்கும் நகலெடுக்கலாம்.

எழுத்துரு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழுக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால் அது தட்டச்சுப் பிழையன்று, உள்ளே தமிழ் எழுத்துரு இல்லை என்பது மட்டுமே. லோகித் அல்லது நோட்டோ தமிழை நிறுவினால் போதும். ஒவ்வொரு முறை வெளியேறும்போதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் அலுவலக மெய்நிகர் கணினிகளில் நாம் சேர்த்த மொழிகளும் அழிந்துபோகும். பயனர் சுயவிவரம் தனியே சேமிக்கப்படுகிறதா என்பதை நிர்வாகியிடம் கேட்டுக்கொள்வதே அங்கு வழி.

என் லினக்ஸ் கணினியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஜெர்மன் மேலும் சில நாள் தங்கியிருந்தது. மறையாக்கம் செய்த வட்டைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கும் தொடக்கத் திரை, இயங்குதளம் எழுவதற்கு முன்பே வருவதால், தளவமைப்பின் பழைய நகலையே வைத்திருந்தது. டெபியன் வகை லினக்ஸில் தளவமைப்பை மாற்றிய பின், அந்த நகலைப் புதுப்பிக்கும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையையும் ஓட்ட வேண்டும் என்பது தெரியும்வரை, காலையில் அந்தத் திரையில் மட்டும் ஒய்யை நினைத்து இசட்டை அழுத்திக்கொண்டிருந்தேன்.