சந்துக்கு அடுத்த தெரு

2025 ஜூன் 8, ஞாயிறு

இன்று பெந்தெகொஸ்தே. இந்த நோட்டில் இதுவரை கடை வரவு செலவுதான் எழுதிவந்தேன். இனி என் மனசையும் எழுதப்போகிறேன். இதை வெளியே யாருக்கும் காட்டும் முன் மனைவிக்கு அனுப்புவேன். அவள் சரி என்று சொன்ன பிறகே வெளியே போகும். மற்றவர்களின் அடையாளத்தை மாற்றித்தான் எழுதுவேன்.

அவள் குவைத்தில் நர்ஸ். பொறையாறு, தரங்கம்பாடிப் பக்கம் பல வீடுகளில் ஆண் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பான், பெண் இங்கே வயலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். எங்கள் வீட்டில் அது தலைகீழ். நான், என் அம்மா, மகள், ஒரு மோட்டார் வைண்டிங் கடை.

கற்பைப் பற்றிச் சபையில் பேசினால் வாலிபர் கூட்டத்தில்தான் பேசுகிறார்கள். தாலி கட்டியதோடு சோதனை முடிந்துவிடும் என்று நினைப்பு போலிருக்கிறது. வேதத்தில் நீதிமொழிகள் புத்தகம் அப்படி நினைக்கவில்லை. ஐந்தாம் அதிகாரம் மனைவி உள்ளவனைப் பார்த்துத்தான் பேசுகிறது: "உன் இளவயதின் மனைவியோடே மகிழ்ந்திரு." பக்கத்தில் மனைவி இருக்கிறவனுக்கே அந்தப் புத்தி தேவைப்பட்டதென்றால், அவளைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு இருக்கிற எனக்கு எவ்வளவு தேவை!

ஜூன் 10, செவ்வாய்

கடையில் நிற்க இடமில்லை. குறுவை நாற்றங்காலுக்கு எல்லாரும் போர்வெல்லை நம்பித்தான் இருக்கிறார்கள். கரண்டில் ஒரு பேஸ் விட்டுப்போனால் மோட்டார் உறுமிக்கொண்டே நின்று காயில் கருகிவிடும். அப்படிக் கருகிய ஐந்து குதிரைசக்தி மோனோபிளாக் ஒன்றை போன வாரம் ஒரு பெண் டாட்டா ஏஸில் ஏற்றிவந்து இறக்கினாள். புருஷன் சிங்கப்பூரில் கட்டட வேலை. அவள் தனியாக விவசாயம் பார்க்கிறாள். நல்ல பெண், பேச்சில் ஒரு நிதானம் உண்டு. பணத்தை எண்ணிக் கையில் வைத்தபோது கண்ணைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குள் இறங்கியது. இறங்கியதை மறைக்க மாட்டேன். சோதனை வருவது பாவமில்லை. நம் ஆண்டவரே சோதிக்கப்பட்டவர்.

முதலில் வந்த செய்திகள் "அண்ணே, மோட்டார் எப்ப ரெடி ஆகும்?" என்று இருந்தன. நேற்று ராத்திரி பத்து மணி தாண்டி வந்ததில் அண்ணே இல்லை. "சாப்பிட்டாச்சா?" என்று மட்டும் இருந்தது. இந்த ஊரில் அந்தக் கேள்வியை யாரும் யாரையும் கேட்கலாம். ஆனால் தனியாக இருக்கிற ஒருத்தி தனியாக இருக்கிற ஒருவனை அந்த நேரத்தில் கேட்கும்போது, சாப்பாட்டையா கேட்கிறாள்?

பதில் போடாமல் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

ஜூன் 11, புதன்

காலை ஒன்பது மணிக்குக் கடையில் வேலை பார்க்கும் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் அனுப்பினேன்: "சனிக்கிழமை ரெடி ஆயிடும், தங்கச்சி." இளவயதுப் பெண்களைச் சகோதரிகளைப் போல எல்லாக் கற்போடும் நடத்து என்று பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்னார். நம் ஊரில் அதற்கென்று முறைப்பெயரே இருக்கிறது. ஒரு முறை கூப்பிட்டுவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடுகிறது.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் அணை திறந்தாயிற்று. வழக்கமான ஜூன் 12 இந்த வருஷம் தவறவில்லை. எங்கள் கடைமடைக்கு வந்துசேர இன்னும் நாளாகும்.

ராத்திரி நீதிமொழிகள் ஏழாம் அதிகாரம் படித்தேன். சின்ன வயதில் அதை ஒரு கெட்ட பெண்ணின் கதை என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். படிக்கப் படிக்க அது அந்தப் பையனின் கால் போன வழியைப் பற்றியது என்று தெரிகிறது. அவன் "மாலைமயங்கும் அஸ்தமனநேரத்திலும்" "அவள் இருக்கும் சந்துக்கடுத்த தெருவில்" போனான் என்று நேரத்தையும் தெருவையும் சொல்லி எழுதியிருக்கிறது. அவன் விழுந்தது அவள் வீட்டுக்குள் இல்லை. அந்தத் தெருவில் திரும்பியபோதே தொண்ணூறு பங்கு விழுந்துவிட்டான். அதன் பிறகு அவள் பேசுகிற பேச்செல்லாம் மிச்சப் பத்துப் பங்குக்குத்தான். ஐந்தாம் அதிகாரமும் இதையேதான் சொல்கிறது: "உன் வழியை அவளுக்குத் தூரப்படுத்து, அவளுடைய வீட்டின் வாசலைக் கிட்டிச்சேராதே." வாசலுக்குப் போய் வைராக்கியமாக நில் என்று எங்கேயும் இல்லை.

என் சந்துக்கு அடுத்த தெரு, ராத்திரி பத்து மணிக்கு மேல் கையில் இருக்கிற போன்.

இன்னொன்றும் எழுதிவைக்க வேண்டும். ஏழாம் அதிகாரத்துப் பெண்ணை இந்தப் பெண்ணின் தலையில் சுமத்த மாட்டேன். அவள் வலை விரிக்கவில்லை. என்னைப் போலவே தனிமையில் தவிக்கிறாள், அவ்வளவுதான். அவளைப் பேயாக்கினால்தான் என் கற்பு நிற்கும் என்றால், அந்தக் கற்பு எனக்கு வேண்டாம்.

ஜூன் 15, ஞாயிறு

கல்லணை திறந்துவிட்டார்கள். ஆராதனைக்குப் பிறகு சபைப் பெரியவர்கள் வேப்பமரத்தடியில் தண்ணீர்க் கணக்குதான் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மனசில் ஒன்பதாம் அதிகாரத்து மதியற்ற ஸ்திரீ கூப்பிடுகிற வார்த்தை ஓடிக்கொண்டிருந்தது: "திருட்டுத் தண்ணீர் தித்திக்கும்."

கடைமடைக்காரனுக்கு இந்த வசனத்துக்கு விளக்கம் தேவையில்லை. முறைத் தண்ணீர் வருகிற நாளில் ராத்திரி இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு போய், அடுத்தவன் மடையை அடைத்துத் தன் வயலுக்கு வெட்டிவிடுகிறவனை எங்கள் எல்லாருக்கும் தெரியும். விடிகிறபோது அவன் நாற்றங்காலில் தண்ணீர் தளும்பும். அடுத்த வயல் வெடித்துக் கிடக்கும். அந்தத் தண்ணீர் அவனுக்குத் தித்தித்தது உண்மைதான், வேதமும் அதை மறைக்கவில்லை. பாவத்தில் ருசியே கிடையாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களைவிட சாலொமோன் நேர்மையானவர். தித்திக்கும் என்றே எழுதிவிட்டு, அது யாருடைய தண்ணீர் என்று கேட்கவைக்கிறார்.

நான் அந்த "சாப்பிட்டாச்சா"வுக்கு ராத்திரியில் பதில் போட்டிருந்தால், அது சிங்கப்பூர் வெயிலில் சாரத்தின் மேல் நிற்கிற ஒரு மனிதனின் முறை. அவன் முகம்கூட எனக்குத் தெரியாது. அவனுக்காகவும் இன்று ஜெபித்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

மோட்டாரை மாட்டப் போகவேண்டியிருந்தது. வேலையை விட முடியாது. யோசேப்பும் வேலையை விடவில்லை. வீட்டில் யாருமில்லாத அந்த நாளிலும் அவன் உள்ளே போனது தன் வேலையைச் செய்யத்தான். ஆனால் அதற்கு முந்தைய வசனத்தை எத்தனை பேர் கவனிக்கிறோம்? எஜமானுடைய மனைவி நித்தம் நித்தம் பேசியும் அவன் "அவளுடனே சயனிக்கவும் அவளுடனே இருக்கவும் சம்மதிக்கவில்லை." படுக்கைக்கு மட்டுமல்ல, சும்மா கூட இருப்பதற்கும் அவன் சம்மதிக்கவில்லை.

பையனைக் கூட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்கெல்லாம் போய்விட்டேன். போர்க் கொட்டகையில் மோட்டாரை இறக்கி, போல்ட் முடுக்கி, பேஸ் பார்த்து ஸ்விட்ச் போட்டதும் முதலில் சேற்றுத் தண்ணீராகக் கக்கி, பிறகு தெளிந்து பாய்ந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "உள்ள வந்து காபி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். பையன் செருப்பைக் கழற்றப் போனான்.

"இல்ல தங்கச்சி, அடுத்த வேலைக்கு நேரமாச்சு. மாப்பிள்ளை கூப்பிட்டா மோட்டார் நல்லா ஓடுதுன்னு சொல்லுங்க."

அவள் முகம் சுருங்கியது. அவமானப்பட்டது போலவும் இருந்தது. அது எனக்கு வலித்தது. ஆனாலும் யோசேப்பு விலகி ஓடியதில் வஸ்திரம் போனது, பேர் போனது, சிறைக்கும் போனான். விலகுகிறவன் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுத்தான் போகவேண்டியிருக்கும். எனக்குப் போகப்போவது ஒரு வாடிக்கை.

ஜூன் 19, வியாழன்

எங்கள் சபைப் போதகர் ஐயரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். "விலகிப்போகிறது கோழைத்தனமா ஐயா, எதிர்த்து நின்று ஜெயிக்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

அவர் வேதத்தை என் பக்கம் திருப்பி இரண்டு இடத்தைக் காட்டினார். யாக்கோபு பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள் என்கிறார். கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதிலோ, "வேசித்தனத்திற்கு விலகியோடுங்கள்." பிசாசுக்கு முன்னால் நிற்கச் சொன்ன அதே வேதம் இச்சைக்கு முன்னால் ஓடச் சொல்கிறது. "ஏன்னா தம்பி, பிசாசு வெளிய இருக்கான். இது உன் ஒடம்பு. உன் ஒடம்போட நீ ராத்திரி பூரா சண்டை போட்டா, விடியும்போது ஜெயிச்சது நீயா அதுவான்னு உனக்கே தெரியாது."

ஜூன் 20, வெள்ளி

பெண் ஒருத்தியும் இல்லாமலேயே போன் ஒன்று போதும், ஒரு மனிதனை அழிக்க. தேடக்கூட வேண்டாம், விரல் தள்ளத் தள்ள அதுவே வருகிறது. யோபு, "என் கண்களோடே உடன்படிக்கைபண்ணின நான்" என்கிறான். இன்று முதல் ஒன்பதரைக்குப் போன் அம்மா அறையில் சார்ஜில் இருக்கும். குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். மனைவி இனி டியூட்டிக்குக் கிளம்பும் முன் காலையில் பேசுவாள்.

பெண்கள் உடுத்துகிற உடையைப் பற்றியே பிரசங்கம் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். இச்சையோடு பார்க்கிறவனைப் பற்றி மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் பேசிய இயேசு, பிடுங்கிப் போடச் சொன்னது யாருடைய கண்ணை? பார்க்கிறவனுடைய கண்ணைத்தானே?

ஜூன் 22, ஞாயிறு

மனைவியிடம் சொல்லிவிட்டேன். சிரிப்பு, செய்தி, காபி, என் மனசில் இறங்கியது, எதையும் விடவில்லை.

ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பின்னால் யாரோ டிராலி தள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்தேன்.

"என்னங்க, எனக்கு மட்டும் கல்லு நெஞ்சுன்னு நினைச்சீங்களா?"

அங்கே வேலை செய்கிற ஒருவர் தினமும் காரில் ரூம் வரை கொண்டுவிடுகிறேன் என்று கேட்கிறாராம். நல்லவராம், தமிழ்தானாம். அந்த வெயிலிலும் இவள் பஸ்ஸுக்கு நிற்கிறாள். ஏன் நிற்கிறாள் என்று இத்தனை மாதமாக யாரிடமும் சொல்ல முடியவில்லை. நான் சொன்ன பிறகுதான் அவளால் சொல்ல முடிந்தது. இரண்டு பேரும் அழுதோம்.

பிறகு அவளே கேட்டாள்: "பிரியாம இருங்கன்னு கொரிந்தியர்ல வருமே, அதப் படிங்க." படித்தேன். ஜெபத்துக்காக, இருவரும் சம்மதித்து, சிலகாலம் மட்டும் பிரிந்திருக்கலாம். பிறகு "மறுபடியும் கூடி வாழுங்கள்." சாத்தான் தூண்டிவிடாதபடிக்கு என்று காரணமும் அதே வசனத்தில் இருக்கிறது. நாங்கள் பிரிந்திருப்பதோ வீட்டுக்கடனுக்காக. அந்தக் காரணம் அந்த வசனத்தில் இல்லை.

"காண்ட்ராக்ட் டிசம்பர்ல முடியுது" என்றாள். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

ஜூன் 28, சனி

வீரசோழன் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. மோட்டார் வேலை இனிக் குறையும். அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி எதுவும் இல்லை. புருஷன் பொங்கலுக்கு வருகிறான் என்று பையன் சொன்னான். ஸ்தோத்திரம்.

ஜூலை 9, புதன்

1706-ல் இதே நாளில் மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கும், 1718-ல் சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்கும் போய்வந்தேன். 36 வயதில், 1719-ல் அவர் இறந்தபோது பழைய ஏற்பாட்டுத் தமிழாக்கம் ரூத் வரை வந்திருந்தது. நான் இத்தனை நாளாக விடாமல் படிக்கிற நீதிமொழிகளை அவர் தமிழில் பார்க்கவில்லை. ஆனால் ரூத்தில் போவாஸ் இருக்கிறான்.

அந்தக் களத்தை டெல்டாக்காரன் கண்ணை மூடினாலும் பார்ப்பான். தூற்றி முடித்து, சாப்பிட்டு, மனசு நிறைந்து, அம்பாரத்து அடியில் காவலுக்குப் படுத்தவன் நடு ராத்திரியில் விழித்தால் காலடியில் ஓர் இளம் பெண். யாரும் பார்க்கவில்லை. அவள் நல்லவள், அவனைத் தேடி வந்தவள், அவனுக்கும் அவள்மேல் பிரியம் உண்டு. அவனோ, உன்னை மணக்க என்னைவிட உரிமையுள்ள நெருங்கிய உறவுக்காரன், சுதந்தரவாளி ஒருவன் இருக்கிறான், விடியும்வரை படுத்துக்கொள் என்கிறான். விடிந்ததும் ஊர் வாசலுக்குப் போய், பத்து மூப்பர்களை உட்காரவைத்து, எல்லார் முன்னிலையிலும் பேசி முடிக்கிறான். ராத்திரி கையில் கிடைத்ததைப் பகலுக்குக் கொண்டுபோனான். அவன் அவளை இழக்கவும் இல்லை. ஆசைப்பட்டதற்காக வேதம் அவனை ஓரிடத்திலும் கடிந்துகொள்ளவில்லை.

ராத்திரி யோசனைகளாகவே வைத்திருந்த காண்ட்ராக்ட் பேச்சைப் பகலில் எடுப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மா, ஐயர், என் மாமனார், போனில் மனைவி. கணக்கு நோட்டைப் பிரித்து வைத்தேன். அவள் புதுப்பித்தால் சம்பளம் கூடும், கடன் சீக்கிரம் அடையும். வந்துவிட்டால் கடன் இன்னும் பல வருஷம் இழுக்கும், மகளை வேறு பள்ளியில் சேர்க்க வேண்டிவரலாம். மாமனாருக்கு மனசில்லை. "இன்னும் ரெண்டு வருஷம்தானே மாப்ள, ஊர்ல எல்லாரும் இருக்கலையா?"

நான் வாய் திறக்கும் முன் அம்மா சொன்னாள்: "எல்லாரும் இருக்காங்க சம்பந்தி. எப்படி இருக்காங்கன்னு யாராவது கேட்டோமா?"

புதுப்பிப்பதில்லை என்று முடிவாயிற்று. மயிலாடுதுறையிலோ காரைக்காலிலோ ஆஸ்பத்திரி வேலை பார்க்கலாம் என்று அவளே சொன்னாள். அங்கே வாங்குவதில் ஒரு பங்குதான் இங்கே கிடைக்கும், அது தெரிந்துதான் சொன்னாள். நாளை வங்கிக்குப் போய்த் தவணையைக் குறைத்து வருஷத்தை நீட்டித் தருவார்களா என்று கேட்கவேண்டும். கடையில் செகண்ட் ஹேண்ட் மோட்டார் வாங்கி விற்பதையும் தொடங்க வேண்டும்.