சட்டம் கொடுக்கிற பெண்

அம்மப்பா ஒரு அண்ணாவியார், கூத்தைப் பழக்கி நடத்துகிற ஆசான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் ஊரில் வடமோடி என்கிற பாட்டும் ஆட்டமுமான கூத்துப் போடுவதென்றால் அவர் இல்லாமல் நடக்காது. சட்டம் கொடுக்கிற நாளன்று, அதாவது ஆருக்கு எந்த வேடம் என்று பிரித்துக் கொடுக்கிற நாளில், பெடியன்கள் வெற்றிலையோடு வரிசையாக வருவார்கள், இவர் ஒவ்வொருவருடைய குரலையும் உயரத்தையும் பார்த்து, நீ அருச்சுனன், நீ கட்டியகாரன் என்று பாட்டெழுதிய தாளைக் கையில் கொடுப்பார். நான் பக்கத்தில் குந்தியிருந்து கொப்பி பிடிப்பேன். எனக்கென்று ஒரு தாள் ஒருநாளும் வந்ததில்லை. சுபத்திரையும் ஆண்பிள்ளைதான், திரௌபதையும் ஆண்பிள்ளைதான். பொம்பிளைப் பிள்ளை கூத்து மேடையான களரியில் ஏறுகிற வழக்கம் அப்போது எங்கள் ஊரில் இல்லை.

போன கிழமை என் மருமகள் "ஷோரன்னர் என்டா என்ன மாமி?" என்று கேட்டாள். "அண்ணாவியார்" என்றேன். உண்மையில் அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. சினிமாவில் இயக்குநர்தான் எல்லாம். அமெரிக்க ரீவித் தொடரில் இயக்குநர் கிழமைக்குக் கிழமை மாறுவார், மாறாமல் இருப்பது எழுத்தாளராகவும் தயாரிப்பாளராகவும் இருக்கிற அந்த ஒரு ஆள். ஒரு அறைக்குள் ஏழெட்டுப் பேரை இருத்திக் கதை பிரிப்பது, ஒருவர் எழுதி வந்ததைத் தானே திருத்தி எழுதுவது, ஆர் நடிப்பது, எங்கே வெட்டுவது, எவ்வளவு செலவழிப்பது, எல்லாம் அவர் தலையில். பாட்டும் எழுதி, ஆட்டமும் பழக்கி, விடியவிடிய மத்தளமும் அடித்த அம்மப்பாவைத்தான் நினைத்தேன்.

அவள் கேட்டது அமெரிக்க ரீவித் தொடர்கள் எழுதித் தயாரிக்கிற ஷோண்டா ரைம்ஸ் பற்றி. சரி, இந்தப் பெண்ணைப் பற்றி எழுத வேண்டுமென்று கனகாலமாக எனக்கும் ஆசை.

1970 ஜனவரி 13, சிக்காகோவில் பிறந்தவர், ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. மூன்று வயதில், தாய் குசினியில் சின்ன ரீவியில் ஜனாதிபதி நிக்சன் காலத்து வாட்டர்கேட் ஊழல் விசாரணையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் சாமான் அறைக்குள் இருந்து ரின்களை அடுக்கி விளையாடுவாராம். பெரிய வத்தாளங்கிழங்கு ரின்கள்தான் ஆளுகிறவர்கள், பட்டாணி ரின்கள் குடிமக்கள், ஆகச் சின்னது தக்காளி ரின். கதவைச் சாத்தாமல், சாப்பாட்டுச் சாமானோடு விளையாடாதே என்று அதட்டாமல் விட்ட அந்தத் தாயை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

படிப்பு டார்ட்மத் கல்லூரியிலும், பிறகு தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் திரைப்படப் பள்ளியிலும். சில படங்களுக்கு எழுதினார். 2002 இல் ஒரு பெண்குழந்தையைத் தத்தெடுத்தார். கைப்பிள்ளையோடு வீட்டுக்குள் இருக்கும்போது இரவுபகலாக ரீவி பார்த்து, நல்ல பாத்திரங்கள் எல்லாம் இப்போது சினிமாவில் இல்லை, இதற்குள்தான் இருக்கின்றன என்று கண்டுகொண்டார். உடனே ஒரு தொடர் எழுதினார். போர்க்களத்தில் செய்தி சேகரிக்கிற பெண்களைப் பற்றிய கதை. ஏபிசி என்கிற அமெரிக்க அலைவரிசை வேண்டாம் என்றுவிட்டது. அந்த நேரம் ஈராக்கில் உண்மையான போர், அவர்கள் நாட்டுப் பிள்ளைகள் உயிரை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைக்கும். நானும் ஒன்று எழுதினேன், அகதி முகாமில் ஒரே தறப்பாளுக்குக் கீழே படுத்த மூன்று பெண்பிள்ளைகளின் கதை. கொழும்பில் ஒரு அலைவரிசைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போர்க்கதையெல்லாம் இப்ப எடுபடாது என்று இரண்டாம் பக்கம்கூடத் திருப்பாமல் தந்துவிட்டார்கள். அந்தக் கொப்பியை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன், ஆறு வருடம் ஒரு வரி எழுதவில்லை. அவரோ அடுத்ததை எழுதினார். தானும் அக்காமாரும் ரீவியில் சத்திரசிகிச்சைகளை ஆசையாகப் பார்க்கிறவர்கள், பள்ளிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் தொண்டு செய்த பழக்கமும் இருந்தது. அதிலிருந்து வந்ததுதான் ஆஸ்பத்திரி டாக்டர்மாரைப் பற்றிய 'கிரேஸ் அனாட்டமி' தொடர். 2005 மார்ச் 27 இல் தொடங்கியது, 400 அத்தியாயங்களைத் தாண்டி இன்னும் ஓடுகிறது.

ஆனால் எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் சட்டம் கொடுத்த விதம். முதல் அத்தியாயத்தை எழுதும்போது இவர் வெள்ளையர், இவர் கறுப்பர் என்று ஒரு பாத்திரத்துக்கும் குறிப்பு எழுதவில்லை. வருகிற எவரும் எதற்கும் நடித்துக் காட்டலாம். பெய்லி என்கிற கண்டிப்பான டாக்டரைச் சுருள் பொன்முடியோடு சின்னஞ்சிறிய ஒரு பெண்ணாகத்தான் அவரே மனதில் நினைத்திருந்தாராம், ஷாண்ட்ரா வில்சன் வந்து நின்றதும் பெய்லி அவர்தான் என்று ஆகிவிட்டது. கறுப்பினப் பெண், உயரம் குறைவு, குரலில் அப்படியொரு அதிகாரம்! 2012 இல் அவருடைய இன்னொரு தொடரான 'ஸ்காண்டல்' வந்தபோது, அமெரிக்காவின் பெரிய அலைவரிசை ஒன்றில் கறுப்பினப் பெண் ஒருவர் நாடகத் தொடரின் நாயகியாக வந்து ஏறக்குறைய 40 வருடங்கள் ஆகியிருந்தன. இதை இப்போதும் நம்ப முடியவில்லை எனக்கு. 40 வருடமாக ஆர் ஆரோ கொப்பி பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்திருக்கிறார்கள்.

பிறகு ஒரு கட்டத்தில் வியாழக்கிழமை இரவு மூன்று மணித்தியாலமும் ஏபிசியில் அவருடைய தயாரிப்புகள்தான். வேலை ஆளை விழுங்கியது. நீ ஒன்றுக்குமே ஓம் சொல்கிறதில்லை என்று மூத்த அக்கா 2013 இல் ஒருநாள் சொல்ல, அது உறுத்தி, ஒரு வருடம் பயமான எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லிப் பார்த்து அதைப் புத்தகமாகவும் எழுதினார். பிள்ளை விளையாடக் கூப்பிட்டால் எந்த வேலையையும் போட்டுவிட்டு ஒரு கால்மணித்தியாலம் போய் இருப்பாராம். ஒன்றில் நான் ஜெயிப்பதைக் கண்டால், அந்த நேரம் இன்னொன்றில் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று விளங்கிக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் தான் படித்த கல்லூரியிலேயே 2014 இல் பேசினார். வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிற பெண்ணிடம் இவ்வளவு நேராக இதைச் சொன்ன வேறு ஆளை நான் கேட்டதில்லை.

2017 இல் நெட்ஃபிளிக்ஸ் போனார். 2020 நத்தாருக்கு 'பிரிட்ஜர்டன்', அந்தக்கால இங்கிலாந்துப் பிரபுக்களின் காதலைச் சொல்கிற, நாவல்களிலிருந்து எடுத்த தொடர். அதை முன்னின்று எழுதியது கிறிஸ் வான் டூசன், ரைம்ஸ் தயாரிப்பாளர்.

அதன் இரண்டாம் பருவம் வந்தது 2022 மார்ச் கடைசியில். அந்த நாட்களை நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மாத முடிவில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மருமகள் வைஃபை இருந்த நேரத்தில் போனில் இறக்கி வைத்திருந்தாள். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில், இருட்டுக்குள், வேர்த்து ஒழுக, நானும் அவளும் தலையை முட்டிக்கொண்டு பார்க்கிறோம். நாவலில் கேட் ஷெஃபீல்ட் என்ற ஆங்கிலப் பெண்ணைத் தொடரில் கேட் சர்மா ஆக்கியிருந்தார்கள், நடித்தவர் சிமோன் ஆஷ்லி. தங்கையாக சரித்ரா சந்திரன். இரண்டு பேரும் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளைகள். அந்தப் பென்னம்பெரிய ஆங்கில மாளிகைக்குள் நின்று கேட் தன் தகப்பனைப் பற்றிச் சொல்லும்போது "அப்பா" என்றாள்.

படுத்திருந்த அம்மா எழும்பி வந்துவிட்டார். "ஆர் புள்ள அது, அப்பா எண்டு கதைக்கிற? நம்மட புள்ளயா?"

மருமகள் நிறுத்தி முகத்தைக் காட்டினாள். அம்மா விசிறிக்கொண்டிருந்த கொப்பி மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார். போனில் சார்ஜ் 11 வீதம்.

"முதல்ல இருந்து போடு" என்றார்.