புள்ளி விடுபட்ட பக்கங்கள்

மார்ச் 3, செவ்வாய்

மூன்று வாரம் கழித்து பிரிண்டரைப் போட்டேன். கருப்பு வரவில்லை. வந்த இடத்திலும் எழுத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு.

மார்ச் 4, புதன்

நாஸில் செக், அதாவது மை வரும் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனைத் தாள், எடுத்துப் பார்த்தேன். நீலமும் ரோஸும் சரி. மஞ்சளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது, அதுவும் முழுசாக இருக்கிறது. கருப்பில் மட்டும் படிக்கட்டு போல இறங்கவேண்டிய கோடுகளில் பாதியைக் காணோம். ஹெட் கிளீனிங் கொடுத்தேன், மை தெளிக்கிற ஹெட்டை பிரிண்டரே சுத்தம் செய்துகொள்ளும். கொஞ்சம் தேறியது. ஆசை விடவில்லை, இன்னொரு தடவை கொடுத்தேன். தேறியதும் போயிற்று.

"அஞ்சாவது அத்தியாயம் ஆச்சா?" என்று அப்பா கேட்டார். ஆகிவிடும் என்றேன். திரையில் படித்துத் திருத்தலாமே என்று சொல்லிப் பார்க்கவே பயம்.

மார்ச் 5, வியாழன்

காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்திருக்க வேண்டாம்.

பட்டனை அழுத்தி அணைத்தால் ஹெட் வலது மூலைக்குப் போய் ஒரு ரப்பர் மூடிமேல் உட்கார்ந்துகொள்ளும். துளைகளின் வாய் காயாமல் இருப்பது அந்த மூடியால்தான். தலைமுடியைவிட மெல்லிய துளைகள். அதிலும் இந்த பிரிண்டரில் கருப்பு மட்டும் பிக்மென்ட் மை, அதாவது நீரில் கரையாத நுண்துகள்கள். ஈரம் போனால் துகள்கள் அப்படியே இறுகிவிடும். மற்ற மூன்றும் சாய மை, அதனால் பிழைத்துக்கொண்டன.

அன்று இரவு நான் பட்டனை அழுத்தவில்லை. பாதிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டு ஓடினேன். ஹெட் நடுவழியில் திறந்த வாயோடு மூன்று வாரம் நின்றிருக்கிறது. சரி, அந்த நேரத்தில் யார் பட்டனைத் தேடுவார்கள்?

மார்ச் 6, வெள்ளி

கிளீனிங் கூடாது. குழாயில் காற்று புகுந்திருந்தால் அடங்கட்டும், பன்னிரண்டு மணி நேரமாவது சும்மா விட வேண்டும். சும்மா விடுவதுதான் எனக்கு வராது.

மார்ச் 7, சனி

போன் வரவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய் மெனுவில் அந்த ஆழமான கிளீனிங்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். டேங்கிலிருந்து எக்கச்சக்கமாக மையை இழுக்கும். இழுத்ததெல்லாம் எங்கே போகிறது? அடியில் ஒரு பஞ்சுத் திண்டு இருக்கிறது, அதில்தான். எவ்வளவு ஊறியிருக்கும் என்று பிரிண்டர் தானே கணக்கு வைத்துக்கொள்கிறது. கணக்கு நிறைந்த நாளில், மை இருந்தாலும் அச்சடிக்க மாட்டேன் என்று நின்றுவிடும். விரலை எடுத்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

பொறுமையில்லாமல் எட்டுப் பக்கத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். அப்பா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மெய்யெல்லாம் உயிர்மெய்யா ஆயிடுச்சேடா" என்றார். உண்மைதான். வெள்ளைக் கோடு எழுத்தின் தலைக்கு மேலே ஓடிய வரிகளில் புள்ளியே இல்லை. கண் என்பது கண. ஓலைச்சுவடியிலும் புள்ளி வைக்க மாட்டார்கள், குத்தினால் ஓலை கிழியும் என்று அதற்கொரு சமாதானம் சொன்னார். அப்புறம் சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு புள்ளியாக வைக்க ஆரம்பித்தார். மூன்றாம் பக்கத்தில் கை ஓய்ந்துவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

இன்று அந்த வேலையைச் செய்தேன். ஹெட் மூலையிலிருந்து கிளம்பியதும் பிளக்கைப் பிடுங்கவேண்டும். மறுபடியும் பிடுங்கல், இந்தத் தடவை வேண்டுமென்றே. டிஷ்யூவை நான்காக மடித்து, காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்து, ஹெட்டின் பாதையில் வைத்து, ஹெட்டைக் கையால் மெதுவாகத் தள்ளி அதன்மேல் நிறுத்தினேன். குழாய்த் தண்ணீர் ஆகாது, அதன் உப்பே துளையை அடைக்கும். பின்னால் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஓடுகிறது. அதிலுள்ள நுண்கோடுகளைப் படித்துத்தான் ஹெட் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. அதில் மட்டும் விரல் படக்கூடாது. படவில்லை என்று நினைக்கிறேன். பட்டதோ?

மார்ச் 11, புதன்

டிஷ்யூவில் மைக்கூட்டைக் கவிழ்த்தாற்போல் கருப்பு. ஒரே ஒரு கிளீனிங். எல்லாப் படியும் வந்துவிட்டது, கீழிருந்து நான்காவதைத் தவிர.

மார்ச் 12, வியாழன்

நான்காவது படி.

மார்ச் 13, வெள்ளி

போன் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஏழு மணி. இவ்வளவு சீக்கிரம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அப்பா மட்டும் "நல்லதாப் போச்சு" என்றார்.

நான்காவது படியை விட்டுத்தொலைத்தேன். தரத்தை 'உயர்'வில் வைத்தால் அதே வரியை ஹெட் பலமுறை கடக்கும், அடைத்த துளையின் இடத்தை இன்னொரு துளை நிரப்பிவிடும். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஆகிறது, ஆகட்டும். புள்ளிகள் வந்துவிட்டன.

மார்ச் 15, ஞாயிறு

இரவு 11.40. 46ஆம் பக்கம். இரண்டு தாள் சேர்ந்து இழுத்துச் சிக்கிக்கொண்டது. தாள் போகிற திசையிலேயே பொறுமையாக உருவினேன். அப்பா தூங்கவில்லை, ரோலர் சத்தத்தை எண்ணிக்கொண்டிருக்கிறாராம். "இப்ப நாப்பத்தேழுதானே?"

மார்ச் 16, திங்கள்

பட்டனை அழுத்தி அணைத்தேன். ஹெட் மூலையில் போய் உட்காரும் சத்தம் கேட்கும்வரை நின்றேன். அப்பா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.