ஏற்காடு எக்ஸ்பிரஸில் வரும் அப்பீல்கள்

ஈரோடு, கோவை, திருப்பூர், சேலம், நாமக்கல் மாவட்டங்களில் செஷன்ஸ் நீதிமன்றம் தண்டனை கொடுத்தால் அப்பீல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். கொடுமுடியைத் தாண்டிக் கரூர் மாவட்டத்துக்குள் போய்விட்டால் மதுரைக் கிளை. கோவைக்கும் ஒரு கிளை வேண்டும் என்று எங்கள் பக்கத்து வக்கீல்கள் ரொம்ப காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வருகிறபோது வரட்டும். அதுவரை ஜனங்கள் ராத்திரி ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, விடியும் முன்னே சென்ட்ரலில் இறங்கி, ஒரு காபியைக் குடித்துவிட்டுப் பாரிமுனையில் வந்து நிற்கிறார்கள்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில், அதிலும் குற்றம் வீட்டுக்குள்ளேயே நடந்த வழக்கில், இப்படி ரயிலேறி வருவது யார்? தண்டனை பெற்றவரின் அண்ணன் வருவார். மச்சான் வருவார், பங்காளி வருவார், ஊரில் நாலு பேருக்கு வேண்டப்பட்ட ஒரு பெரியவர் வருவார். பல சமயம் கூடவே ஒரு பெண்ணும் வருவார். தண்டனை பெற்றவரின் மனைவி. பாதிக்கப்பட்ட குழந்தையின் அம்மாவும் அவரேதான். குழந்தைக்காக என்று தனியாக யாரும் வருவதில்லை.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரி. குற்றவியல் அப்பீல்கள் நடத்துகிறேன். சட்டப் பணிகள் குழு ஒப்படைக்கிற வழக்குகளில் சிலவற்றில் குழந்தைக்காக நிற்பேன்; சிலவற்றில் வக்கீல் வைக்க வசதியில்லாத கைதிக்காக. இங்கே சொல்பவற்றில் ஊர், உறவு, தொழில் எல்லாவற்றையும் மாற்றி, பல வழக்குகளைக் கலந்துதான் சொல்கிறேன். குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. அந்தப் பிரிவு இல்லாவிட்டாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

அப்பீலில் குழந்தை வருவதில்லை. சாட்சிக் கூண்டும் கிடையாது. கீழ்க்கோர்ட்டில் எழுதியதெல்லாம் டைப் அடித்த காகிதக் கட்டாக, டைப் செட் என்ற பெயரில் வரும். முதல் அப்பீல் என்பதால் சாட்சியம் முழுவதையும் நீதிபதிகள் மறுபடி எடைபோட்டாக வேண்டும். ஆனால் எடைபோடக் கையில் இருப்பது காகிதம் மட்டும்தான். அ.சா.1, அதாவது அரசுத் தரப்பு முதல் சாட்சி, என்ற தலைப்பின் கீழே ரெண்டு மூணு பக்கம். ஒரு குழந்தையின் மொத்தக் கதையும் அதற்குள்தான் இருக்கிறது.

அந்தப் பக்கங்கள் எப்படி எழுதப்படுகின்றன என்பதைப் பற்றி எனக்குத் தீராத மனக்குறை உண்டு. நம் கோர்ட்டுகளில் குறுக்கு விசாரணை பெரும்பாலும் இப்படிப் பதிவாகும்: ‘என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வண்டித்தடத் தகராறு இருந்தது என்றால் சரிதான். அம்மா சொல்லிக்கொடுத்து நான் பொய் சொல்கிறேன் என்றால் சரியல்ல.’ ஒன்பது வயதுப் பிள்ளை எங்காவது இப்படிப் பேசுமா? என்ன கேட்டார்கள், பிள்ளை எவ்வளவு நேரம் வாய் திறக்காமல் நின்றது, எந்தக் கேள்விக்கு அழுதது, எதுவும் அதில் இருக்காது. எழுதக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. தேவைப்பட்ட பகுதியைக் கேள்வி பதிலாகவே பதியலாம். சாட்சி நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நீதிபதி குறிப்பு எழுதலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280ஆம் பிரிவிலேயே இருந்தது. போக்சோ சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி குழந்தையிடம் வக்கீல் நேரடியாகக் கேட்கவும் கூடாது, கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் கேட்பார். இத்தனையும் ஒழுங்காக நடந்த கோர்ட்டிலிருந்து வரும் கட்டைப் பிரித்தாலே தெரியும். ‘சாட்சி பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டது, தண்ணீர் கேட்டது, ஐந்து நிமிடம் இடைவேளை தரப்பட்டது’ என்று ஒரு மாவட்ட நீதிபதி எழுதியிருந்த ஒரே வரியை வைத்து சென்னையில் அரை மணி நேரம் வாதாடியிருக்கிறேன். எதிர்த்தரப்பு சீனியரிடம் அந்த வரிக்குப் பதில் இல்லை.

அப்பீல் மனுவில் வழக்கமாக வரும் வாதங்கள் எங்களுக்கு மனப்பாடம். முதலாவது, புகார் கொடுக்கத் தாமதம். எட்டு மாதம் ஏன் பேசாமல் இருந்தாள் என்று கேட்பார்கள். ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய ஆளே அவர்தானே, பைக் சாவி அவரிடம்தானே இருந்தது என்று நான் கேட்பேன். இப்படிப்பட்ட வழக்குகளில் தாமதம் மட்டுமே வழக்கைச் சாய்த்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. ரெண்டாவது, சொத்துத் தகராறில் ஜோடித்த பொய் வழக்கு என்பது. தோட்டம், கிணறு, வண்டித்தடம், தண்ணி முறை, இவற்றில் ஏதாவது ஒன்றில் தகராறு இல்லாத குடும்பம் எங்கள் ஊர்ப் பக்கம் உண்டா? எந்த வழக்கிலும் ஒன்று கிடைத்துவிடும்.

மூன்றாவது, அக்கம்பக்கத்தில் ஒருவரைக்கூட விசாரிக்கவில்லை என்பது. சென்னையில் அடுக்குமாடியில் இருந்து வந்தவர்களுக்கு இது பெரிய ஓட்டையாகத் தெரியும். தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்துக்குள் தனியாக நிற்கிற வீடு, என்றால் என்ன என்று அவர்களுக்குப் புரியவைக்க வேண்டும். ஒரு வழக்கில் விசாரணை செய்த மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டர் அம்மா, மாதிரி வரைபடத்தில் வீட்டைச் சுற்றியிருந்த தென்னந்தோப்பையும், வாய்க்காலையும், அடுத்த வீடு எவ்வளவு தூரம் என்பதையும் அளந்து குறித்திருந்தார். கூப்பிட்டாலும் கேட்காத தூரம். அந்த வரைபடத்தை நீதிபதிகளிடம் நீட்டியதோடு அந்த வாதம் முடிந்தது. நாலு கட்டத்தை வரைந்து ‘வீடு’, ‘சம்பவ இடம்’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிற வரைபடங்களும் வருகின்றன. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தேதி விஷயம் இதைவிடச் சிக்கலானது. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. உறவினரோ ஒரே வீட்டில் வசிப்பவரோ செய்யும் கொடிய பாலியல் வன்முறைக்கு 6ஆம் பிரிவில் குறைந்தபட்சத் தண்டனை முதலில் 10 ஆண்டு. 2019 ஆகஸ்ட் 16 முதல் 20 ஆண்டு. குறைந்தபட்சம் என்று சட்டம் போட்டுவிட்டால் உயர் நீதிமன்றமும் அதற்குக் கீழே இறங்க முடியாது. ஆனால் செயல் நடந்த அன்று இருந்த சட்டத்தைவிடக் கூடுதலாகத் தண்டிக்கவும் முடியாது, அரசியலமைப்பின் 20(1) தடுக்கிறது. வீட்டுக்குள் நடக்கும் கொடுமையோ ஒரு நாளோடு முடிவதில்லை, வருடக்கணக்கில் நீளும். குழந்தை தேதி சொல்லாது. ‘பண்ணாரி குண்டம் நோம்பி முடிஞ்சு’, ‘அமிச்சி ஊருக்குப் போயிட்டு வந்தப்புறம்’, ‘அரைப்பரீட்சை லீவுல’ என்றுதான் சொல்லும். அமிச்சி என்றால் எங்கள் பக்கம் அம்மாவின் அம்மா. அது எந்த வருடத்து நோம்பி என்று கீழ்க்கோர்ட்டில் ஒரு கேள்வி கேட்டிருந்தால், பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து ஆவணமாகக் குறித்திருந்தால், வேலை முடிந்தது. கேட்காமல் விட்டிருந்தால் பத்தா இருபதா என்பது சந்தேகமாகி, சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, போகும். போக வேண்டியதுதான், சட்டம் அப்படி.

இந்தப் பக்கம் நின்றுகொண்டு எப்படி அந்தப் பக்கமும் வாதாடுகிறாய் என்று என் தாத்தா, நாங்கள் சொல்வதுபோல் அப்பாரு, கேட்டதுண்டு. கோவை மத்திய சிறையிலிருந்து வரும் மனுக்களைப் படித்தால் பதில் கிடைக்கும். ஒரு வழக்கில் எதிரியை அந்தப் பிள்ளை ‘சித்தப்பா’ என்று கூப்பிட்டாள். அந்த ஒரே காரணத்துக்காக உறவினர் என்று வைத்து 6ஆம் பிரிவில் தண்டனை. எங்கள் பக்கம் ஒரே கூட்டத்துக்காரர், அதாவது ஒரே குலத்தவர், எல்லாருமே பங்காளி. பங்காளி எல்லாருமே பெரியப்பா, சித்தப்பா. ரத்த உறவா, திருமண உறவா, ஒரே வீட்டில் வசித்தவரா என்பதற்கு எந்தச் சாட்சியமும் இல்லை, குடும்ப அட்டைகூட ஆவணமாகக் குறிக்கப்படவில்லை. குற்றம் நடந்தது என்பதில் எனக்கோ நீதிபதிகளுக்கோ சந்தேகம் இல்லை. ஆனால் நிரூபித்தது, உறவு சேராத, தண்டனை குறைவான 4ஆம் பிரிவுக் குற்றம்தான். 2019க்கு முந்தைய சம்பவம் என்பதால் தண்டனையும் குறைந்தது. எதிரி குற்றம் செய்தார் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளச் சொல்லும் 29ஆம் பிரிவின் அனுமானம் இருக்கிறதே என்பார்கள். அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு நிரூபித்த பிறகுதான் அந்த அனுமானம் எழும். அந்த அப்பீலை நடத்தியதில் எனக்குக் கூச்சமில்லை.

இப்போது ரயிலில் வந்த அம்மாவிடம் வருகிறேன். அப்பீலோடு தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லி ஒரு மனுவும் போடுவார்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389ஆம் பிரிவு, 2024 ஜூலை 1க்குப் பிறகு அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 430. அந்த மனுவுக்கு ஆதரவாக அம்மாவின் பிரமாணப் பத்திரம் வரும், கணவர் வெளியே வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று. குழந்தைக்காக ஆஜராகும் நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியாக வேண்டும். ஒருவர் சொன்னார்: “மூணும் பொட்டப்புள்ளைங்களுங்க வக்கீலம்மா. பெரியவளுக்கு நடந்தது நடந்து போச்சுங்க. மத்த ரெண்டுத்துக்கும் சோறு போட ஆளு வேணுமில்லீங்க. தறி நின்னு கெடக்குது, குழுக்கடன்காரங்க வாசல்லயே வந்து உக்காந்துக்கறாங்க.”

“அவரு வந்தா பெரியவ எங்கீங்க இருப்பா?”

“அவள அமிச்சி ஊட்டுல உட்டுருவனுங்க.”

அந்த அம்மாவை வில்லியாக்கிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. குற்றம் செய்தவனே குடும்பத்தின் ஒரே வருமானமாகவும் இருக்கும்போது, தண்டனையின் பாதிப் பாரம் அவளுடைய முதுகில்தான் ஏறுகிறது. ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: வீட்டை விட்டுப் போக வேண்டியது பெரியவள். அதைத்தான் நான் கோர்ட்டில் எழுந்து சொல்ல வேண்டியிருக்கிறது. லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம், விசாரணை தொடங்கி அப்பீல் முடியும்வரை எல்லாக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்றது. 2024 நவம்பரில், சமரசம் ஆகிவிட்டது என்று சொல்லி ஒரு போக்சோ வழக்கை ரத்து செய்த உயர் நீதிமன்ற உத்தரவையும் தள்ளிவிட்டது. இவ்வளவு இருந்தும் அம்மாவின் பிரமாணப் பத்திரம் காகிதக் கட்டில் ஒரு ஓரமாக இருந்து வேலை செய்யத்தான் செய்கிறது. நீதிபதிகளும் மனிதர்கள். ஜாமீன் கிடைத்தே தீரும் என்று தெரிந்தால் நிபந்தனைகளில் கவனம் வைப்பேன்: பிள்ளை இருக்கும் தாலுக்காவுக்குள் வரக் கூடாது, வேறு ஊரில் தங்கிக் கையெழுத்துப் போட வேண்டும், போனில்கூடப் பேசக் கூடாது.

இந்த அம்மா கீழ்க்கோர்ட்டிலேயே முன்பு சொன்னதை மாற்றிப் பேசி பிறழ் சாட்சி ஆகாமல் இருந்ததே பெரிய விஷயம். குழந்தையின் சாட்சியத்தை, வழக்கு கோப்புக்கு எடுக்கப்பட்ட 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு. நடப்பதோ வேறு. முதல் விசாரணை ஒரு நாள், குறுக்கு விசாரணைக்கு வாய்தா. நடுவில் ஆடி நோம்பி வரும், ஒறம்பரை என்று உறவு ஜனம் வரும், அப்பத்தா வந்து மடியில் உட்காரவைத்துக்கொள்ளும். “கண்ணு, அப்பன் செயிலுக்குப் போனா உன்னையத்தான் ஊரே பேசும்” என்று சொல்லும். அடுத்த வாய்தாவுக்கு வரும்போது பிள்ளை வேறு பிள்ளை. மாஜிஸ்திரேட்டிடம் முன்பு கொடுத்த வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. கூண்டில் சொல்வதுதான் சாட்சியம். அப்படி வலுவிழந்த கட்டை வைத்துக்கொண்டு மேலே யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் ஈரோட்டிலும் திருப்பூரிலும் கூட்டங்களில் பேசக் கூப்பிடும்போதெல்லாம் நான் அப்பீலைப் பற்றிப் பேசாமல், இரண்டு விசாரணையையும் ஒரே நாளில் முடியுங்கள் என்றே பேசுகிறேன். அமைப்பாளர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இன்னொன்று, வழக்கின் தலைப்பு. தீர்ப்பில் குழந்தையின் பெயர் இருக்காது. ஆனால் எதிரி அப்பாவாக இருந்தால் அவர் பெயரும் தகப்பனார் பெயரும் ஊரும் தலைப்பிலேயே இருக்கும். தீர்ப்பு இணையத்தில் ஏறினால் ஊர்க்காரர் எவருக்கும் ரெண்டு நிமிடத்தில் விளங்கிவிடும். 2018இல் நிபுன் சக்சேனா வழக்கின் தீர்ப்பில், பாதிக்கப்பட்டவரே அப்பீல் போட்டாலும் தன் அடையாளத்தை வெளிப்படுத்தத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எதிரியின் பெயர் வழியாகக் கசிவதை அடைக்க, பெயரை மறைக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அப்பீல் விசாரணைக்கு வரும்போது அந்தக் குழந்தை பல நேரம் குழந்தையாகவே இருப்பதில்லை. கல்லூரியில் இருப்பாள், பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருப்பாள், கல்யாணமாகிப் போயிருப்பாள். நோட்டீஸை ஒரு போலீஸ்காரர் எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றால் என்ன ஆகும்? எனவே யார் மூலமாக, எந்த இடத்தில் கொடுப்பது என்று அந்தக் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே பேசிவிடுவேன். ஒருமுறை அப்படிச் சந்தித்த பெண், “அவரு இன்னும் உள்ளதான் இருக்காருங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, ஷிப்ட் நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

அவளுக்குக் கீழ்க்கோர்ட் உத்தரவிட்ட இழப்பீடு வங்கியில் அம்மாவைக் காப்பாளராகப் போட்ட கணக்கில் கிடந்தது, பதினெட்டு முடிந்தும் பெயர் மாற்றப்படவில்லை. பாஸ்புக் யாரிடம் என்று அவளுக்குத் தெரியாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதி, ஆதார் நகலோடு அவள் கையெழுத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கணக்கு அவள் பெயருக்கு மாறிவிட்டதா என்று வருகிற வாரம் கேட்க வேண்டும்.