திரும்பி வர வழி தெரியாத பதில்

"அந்த அக்காவுக்கு வேலை முடியணும், உனக்கு நெட்வொர்க் ஒழுங்கா இருக்கணும்." டயல்-அப் காலத்தில், கடலூர் கிளையில் கணக்கு பார்த்த அக்காவைப் பற்றி என் சீனியர் சொன்னது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ஆனாலும் இன்னும் உறுத்துகிறது.

கடலூர் கிளையிலிருந்து மோடத்தில் டயல் செய்தால் பாண்டி ஆபீஸ் ராஸ் சர்வர் (டயல் செய்பவர்களை ஆபீஸ் நெட்வொர்க்கில் சேர்க்கும் சர்வர்) எடுக்கிறது, ஐபி முகவரி கிடைக்கிறது, அந்தச் சர்வருக்கு பிங்கும் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, அதைத் தாண்டி அக்கவுண்ட்ஸ் சர்வர் மட்டும் பதில் தரவில்லை. எல்லோரும் லைனைத் திட்டினார்கள். லைனில் ஒன்றுமில்லை. முன்பு டயல்-இன் ஆட்களுக்கு ஆபீஸ் லேனில் (உள் நெட்வொர்க்கில்) இருந்த 192.168.1 ரேஞ்சிலேயே முகவரி கொடுத்தோம். 'இந்த ஐபி யாருடையது' என்று லேனில் கேட்கும் ஏஆர்பிக்கு அவர்களுக்காக ராஸ் சர்வரே பதில் சொல்லிவிடும், ரூட் (எந்த வழியாக அனுப்புவது என்ற குறிப்பு) தேவையில்லை. முகவரி பற்றாமல், டயல்-இன்னுக்கு ஒதுக்கிய முகவரித் தொகுப்பான பூலை 192.168.50-க்கு மாற்றிய பிறகுதான் சிக்கல். பாக்கெட் அக்கவுண்ட்ஸ் சர்வர்வரை போகிறது. பதிலை அது, வெளி நெட்வொர்க்குகளுக்கு அனுப்பும் கேட்வே ரவுட்டரிடம் கொடுக்கிறது, ரவுட்டருக்கு 50 எங்கே என்று தெரியாது, இன்டர்நெட் பக்கம் தள்ளிவிடுகிறது. 50-க்கு வருவதை ராஸ் சர்வரிடம் கொடு என்று ரவுட்டரில் நாமே கையால் எழுதும் ஒரே ஒரு ஸ்டேட்டிக் ரூட் போதும்.

ரவுட்டர் பாஸ்வேர்டு வெண்டரிடம், ஆள் மறுநாள்தான் வருவார். அதுவரை அதே ரூட்டை அக்கவுண்ட்ஸ் சர்வரிலேயே 'ரூட் ஆட்' கமாண்ட் அடித்துப் போடச் சொன்னார் சீனியர். நான் மறுத்தேன். ஒன்றில் போட்டால் அடுத்த சர்வரிலும் போட வேண்டும், ராஸ் சர்வர் ஐபி மாறினால் எங்கெங்கே போட்டோம் என்று தேட வேண்டும், யாரும் எழுதி வைக்கப்போவதில்லை. அவரும் வற்புறுத்தவில்லை, அந்த ஒரு வாக்கியத்தோடு போய்விட்டார். மாதக் கடைசி. அந்த அக்கா ஃப்ளாப்பியோடு பஸ் ஏறி வந்து கணக்கை ஏற்றிவிட்டு, இருட்டிய பிறகு கன்னியக்கோயில் தாண்டித் திரும்பிப் போனார்.

ரவுட்டரில் ரூட் போட்டதும் எல்லாம் சரியானது. பிறகு புது மெயில் சர்வர் வந்தபோது டயல்-இன்னுக்காக யாரும் எதையும் தொடவில்லை, அப்போது நான் செய்தது சரி என்றே பட்டது. ஆனால் ரூட்டை நிரந்தரமாக்கும் '-பி' இல்லாமல் அந்தக் கமாண்டை அடித்திருந்தால் ரீபூட்டில் அந்த ரூட் தானாகப் போயிருக்கும், அது எனக்குத் தெரியும். அந்தச் சர்வரை மாதக்கணக்கில் யாரும் ரீபூட் செய்ய மாட்டார்களே, தற்காலிகம் என்று போட்டது அப்படியே தங்கிவிடுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சரி, மறுநாள் நீயே 'ரூட் டிலீட்' அடித்திருக்கலாமே?

இப்போது டயல்-இன்னுக்குப் பதில், இன்டர்நெட் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் விபிஎன். பூல் மாறினால் அதே சிக்கல், அதே ரூட். சமீபத்தில் டீமில் ஒரு பையன், "ஃபயர்வால் ஆள் வர்றவரைக்கும் சர்வர்ல போடட்டுமாண்ணா?" என்று கேட்டான். போடு, எடுத்ததும் சொல் என்றேன். இன்னும் சொல்லவில்லை.