வீட்டுப் பட்டறைக்கு வந்த ரம்பங்கள்

ஃபேப்ரிகேஷன் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவன், வீட்டில் ஒரு மூலையை ஒழித்துச் சொந்தமாகப் பட்டறை போட்டால் முதலில் என்ன வாங்குவான்? கை பழகியதைத்தான். நானும் 14 அங்குல கட்டிங் மெஷினை, அதாவது மெல்லிய சாணைக்கல் வீல் வேகமாகச் சுழன்று இரும்பை அறுக்கும் மெஷினை, வாங்கி வைத்தேன். ஆங்கிள், ஸ்கொயர் டியூப், ராடு எல்லாவற்றையும் அரை நிமிடத்தில் அறுத்துத் தள்ளும் மெஷின். வேலையிடத்தில் அதைப் பற்றி ஒரு குறையும் எனக்குத் தோன்றியதில்லை.

அங்கே ஏன் தோன்றவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. அங்கே மெஷின் இருந்தது திறந்த கொட்டகையில். பொறி பத்தடி தூரம் பறந்தாலும் மண்ணில்தான் விழும். வெட்டு கொஞ்சம் சாய்ந்திருந்தால் வெல்டர் இடைவெளியை நிரப்பிவிடுவார், கிரைண்டர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வீட்டிலோ அதே அறையில், நாலு எட்டில் என் சின்ன லேத், இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின். ஒரு மாதம் கழித்து லேத் பெட்டைத் துடைக்கப் போனால் துணிக்கடியில் நரநரவென்றது. கட்டிங் வீல் தேய்ந்து உதிர்ந்த துகளும் இரும்புத் தூளும் எண்ணெயோடு குழைந்து, சாணைப் பசை மாதிரி உட்கார்ந்திருந்தது. காசு போட்டு லேத் வாங்கி, அதைத் தேய்க்க இன்னொரு மெஷினையும் வாங்கியிருக்கிறேன்!

இன்னொரு தொல்லை வெட்டு முகம். அந்த வீல் மெல்லியது, அழுத்தினால் வளையும். கனமான பட்டையை வெட்டி மூலைமட்டம் வைத்தால் ஓரத்தில் வெளிச்சம் தெரியும். பிசிறை அரத்தால் எடுக்கவே ஐந்து நிமிடம். கார்பன் கூடுதலான ஸ்டீல் என்றால் வெட்டிய முனை சூட்டில் நீலம் பாய்ந்து கடினமாகிவிடும். அப்படி ஒரு ஷாஃப்ட் முனையை லேத்தில் முகம் எடுக்க, அதாவது சீவி மட்டமாக்கப் போய், டூல் முனையைத்தான் மழுக்கினேன். அரை நிமிட வெட்டு என்று நான் பெருமைப்பட்டதன் உண்மையான கணக்கு இது.

சரி, வீலைக் கழற்றிவிட்டு கார்பைட் என்ற கடினமான பொருளில் பல் வைத்த பிளேடைப் போட்டால் பொறியும் குறையும், வெட்டும் சுத்தமாக வருமே என்று ஒரு யோசனை. நல்லவேளை, பழைய ஃபோர்மேனிடம் வாய் விட்டேன். "தம்பி, அந்த மோட்டார் எத்தனை சுத்து சுத்துதுன்னு அதுல ஒட்டியிருக்கிற தகட்டுல படிச்சியா?" என்றார். படித்தேன். நிமிடத்துக்கு 3,800. அந்தப் பிளேடுக்கான மெஷின் ஓடுவது ஏறக்குறைய 1,300-இல். "பல்லு ஒண்ணு கழண்டு வந்தா அது தோட்டா. ரெண்டும் ஒரே அளவு, ஒரே ஓட்டைன்னு மாட்டிடாதே" என்றார். "சரிண்ணே" என்று அதோடு விட்டேன்.

அவரே சொன்னதுதான்: வேறு எதையும் வாங்கும் முன் கையால் அறுக்கும் ஆக்ஸா பிளேடை ஒழுங்காகப் பழகு. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, ஆக்ஸா தெரியாதவனா நான்? தெரியவில்லைதான். கடையில் கொடுத்த 24 பல் பிளேடையே எல்லாவற்றுக்கும் போட்டு, மெல்லிய டியூபில் பல் உடைத்துக்கொண்டிருந்தேன். அங்குலத்துக்கு 24 பல் என்றால் பல்லுக்குப் பல் ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும். எப்போதும் குறைந்தது மூன்று பல்லாவது இரும்பின் மேல் இருக்க வேண்டும். ஆக, 3 மில்லிமீட்டர் கனம் தேவை. 1.2 மில்லிமீட்டர் சுவருள்ள டியூபுக்கு 32 பல் பிளேடு போட்டாலும் போதாது. பிளேடைச் சாய்த்துப் பிடித்து, சுவரைக் குறுக்காக இல்லாமல் சரிவாகக் கடக்க வைக்க வேண்டும். பாதி வெட்டில் பிளேடு உடைந்தால் புதுசை அதே வெட்டில் விடக்கூடாது என்பதும் அப்போது கற்றதுதான். பழசின் பல் இருபக்கமும் விரிந்திருக்கும் அளவு தேய்ந்து வெட்டு குறுகியிருக்கும், புதுசு இறுகி மாட்டிக்கொள்ளும். துண்டைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து ஆரம்பிப்பதே நல்லது.

அதற்குப் பிறகு வந்ததுதான் பேண்ட்சா, பல் வைத்த நீளப் பட்டை வளையமாக ஓடி அறுக்கும் மெஷின். 4 அங்குல உருளையை அறுக்கிற, படுக்கை வாட்டத்தில் இறங்குகிற சின்ன மாடல். பிளேடு ஓட நிமிடத்துக்கு 80, 120, 200 அடி என்று மூன்று வேகம், பெல்ட்டை மாற்றிப் போட வேண்டும். கடினமான ஸ்டீலுக்குக் கீழ் வேகம், மைல்டு ஸ்டீலுக்கு நடு வேகம், பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் மேல் வேகம். மர வேலை பேண்ட்சாவில் இரும்பை அறுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது ஓடுவது 3,000 அடி அளவில். பல் சில நொடியில் வெந்துவிடும்.

முதல் வாரம் இதுவும் என்னைப் படுத்தியது. வெட்டு வாழைப்பழம் மாதிரி வளைந்தே வந்தது. மெஷினைத் திட்டினேன், தப்பு என்னுடையது. சீக்கிரம் முடியட்டும் என்று இறங்கும் பாரத்தைக் கூட்டி வைத்திருந்தேன். பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்கை இறுக்கி அதைக் குறைத்து, பிளேடு ஆடாமல் பிடிக்கும் கைடுகளைத் துண்டுக்கு நெருக்கமாகத் தள்ளியதும் நேரானது. புதுப் பிளேடு மாட்டினால் முதல் சில வெட்டுகளை இன்னும் மெதுவாக விடுகிறேன். கூரான பல்லின் முனை சட்டென்று உடையாமல் இருக்க அதுதான் வழி.

50 மில்லிமீட்டர் ராடு என்றால் இதில் பல நிமிடம் ஆகும்தான். ஆனால் வெட்டி முடிந்ததும் தானே நின்றுவிடும். அதுவரை நான் லேத்தில் வேறு வேலை பார்க்கிறேன், தூள் கீழே தட்டில் விழுகிறது, முகம் அநேகமாக மட்டத்தோடு ஒட்டி நிற்கிறது. வெட்டில் வீணாவதும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். கட்டிங் வீல் தின்றது மூன்று.

கட்டிங் மெஷினை விற்கவில்லை. பின்கதவுக்கு வெளியே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு லீஃப் ஸ்பிரிங் பட்டையை வெட்ட வேண்டியிருந்தது. சூட்டில் பதமேற்றிக் கடினமாக்கிய அந்த இரும்பில் பேண்ட்சா பல் நிற்காது. தார்ப்பாயை விலக்கி, லேத் இருக்கும் அறையின் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, ஸ்விட்சைப் போட்டேன்.